ரெட்டைக் கன்னுக்கு ஒரே பேரு

வாடா தம்பி, உக்காரு. மூஞ்சி ஏன் கடைமடை வாய்க்காலாட்டம் காஞ்சு கெடக்கு? மறுபடியும் உன் பிளேன் பாக்கிற ரேடியோ டப்பா கிளம்பலையாக்கும்.

நேத்து கிளம்புச்சு, இன்னிக்கு இல்ல. முந்தாநாள் கிளம்பல, அதுக்கு முந்தின நாள் கிளம்புச்சு. நம்ம வீட்டுல முன்னாடி ஒரு எருமை இருந்துச்சு. ஒரு நாள் செம்பு நிறையக் கறக்கும், மறுநாள் செம்பையே உதைக்கும். ஊரே கூடி வைத்தியம் சொல்லுச்சு. திருஷ்டின்னான் ஒருத்தன், தீவனம்னான் இன்னொருத்தன். கடைசியில பாத்தா, உங்க பாட்டி கண்ணாடி வளையல் போட்டுக்கிட்டு உக்கார்ற அன்னிக்கெல்லாம் உதைச்சிருக்கு. வளையல் சத்தம் அதுக்கு ஆகல. எருமை ஒழுங்காத்தான் இருந்துச்சு. நாங்கதான் எருமையையே பாத்துக்கிட்டு வளையலைப் பாக்காம இருந்தோம்.

இந்த மந்தைவெளி வீட்டுக்கு நான் வந்து ஆறு மாசம். உன் கூத்தை ஆறு மாசமாப் பாக்கிறேன். டப்பா கிளம்பலைன்னா மொதல்ல திட்டுறே, அதுவும் இங்கிலீஷ்ல. அப்புறம் மொட்டை மாடிக்கு ஓடி ஆன்டனாவைத் திருப்பி வைக்கிறே. மாப்பிள்ளை இன்னும் ரயிலை விட்டே இறங்கல, நீ பந்தக்காலைப் பிடுங்கி வேற இடத்துல நடுறே! பெட்டி கண்ணே முழிக்கலைங்கிறப்ப ஆன்டனா என்னடா பண்ணும்? அதுவும் சரிப்படலைன்னா மெமரி கார்டை அழிச்சு எல்லாத்தையும் புதுசா ஏத்துறே. அன்னிக்குக் கிளம்பிடும். 'சரி பண்ணிட்டேன் தாத்தா'ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு காபி கேப்பே. மூணாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய் புது அடாப்டர், புது மெமரி கார்டு, புது ஆன்டனா ஒயர்னு மூணையும் வாங்கி ஒரே நாள்ல மாத்தினே. கிளம்புச்சு. எதால கிளம்புச்சு? டாக்டர், நாட்டு வைத்தியர், மந்திரிக்கிறவர் மூணு பேரையும் ஒரே நாள்ல கூப்பிட்டா, பிழைச்சு எழுந்தவன் யாருக்குடா ஃபீஸ் கொடுப்பான்?

இதுல ஒரு நல்ல காரியமும் பண்ணினே, மறைக்கக் கூடாது. திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறு காந்தி நகர்ல இருக்கிற உன் சிநேகிதன் வீட்டுக்கு உன் டாங்கிளை எடுத்துட்டுப் போய், அவன் பெட்டியில ஒரு வாரம் மாட்டி வச்சியே, அது வேலை. அங்க ஒரு நாள்கூடத் தப்பல. அப்ப டாங்கிள் குத்தவாளி இல்லன்னு ஆச்சு. ஆனா தீர்ப்பைக் கையில வாங்கிட்டு வந்து, வீட்டுல மறுபடியும் அந்த டாங்கிளையே சந்தேகமாப் பாத்தே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

அதென்ன டாங்கிள், அதென்ன எஸ்டிஆர்னு உங்க பாட்டி கேட்டப்ப நான்தான் சொன்னேன். நம்ம ஊரு வால்வு ரேடியோவுல காயிலும் கண்டன்சரும் செஞ்ச வேலையை இதுல கணக்குப்பிள்ளை செய்யிறான்னேன். விரல் நீளக் குச்சி. ஆன்டனாவுல வர்றதை ஒரு வினாடிக்கு 24 லட்சம் தடவை அளந்து, எண்ணா மாத்திப் பெட்டிக்குள்ள கொட்டும். எந்த ஸ்டேஷன், எது இரைச்சல்னு பிரிக்கிறதெல்லாம் புரோகிராம் போடுற கணக்கு. சரியாச் சொன்னேனா? கிழவன் எட்டாவதுதான் படிச்சவன், ஆனா காது நல்லாக் கேக்கும்.

இந்தக் குச்சி பொறந்த கதையும் நீ சொல்லித்தான் தெரியும். ஐரோப்பாவுல டிவி பாக்கறதுக்குப் பண்ணினது. உள்ள இருக்கிற ரியல்டெக் சிப் எண்களை அப்படியே பச்சையா வெளிய விடுதுன்னு ஆன்டி பலோசாரிங்கிற ஃபின்லாந்துக்காரர் 2012-ல கவனிச்சாரு. அன்னிலேர்ந்து உலகம் பூரா ஏழைகளோட ரேடியோ இதான். நம்ம தூர்தர்ஷன் தரைவழியா விடுறது டிவிபி-டி2. இந்தக் குச்சிக்குத் தெரிஞ்சது பழைய டிவிபி-டி மட்டும். ஆகவே இந்த ஊர்ல இது எந்தக் காலத்துக்கும் டிவி காட்டப் போறதில்ல. ஆனா உன் லினக்ஸுக்கு அது தெரியுமா? குச்சியை மாட்டின உடனே 'அடடே, டிவி வந்துடுச்சு'ன்னு டிவி டிரைவர் ஓடி வந்து அதை மடியில எடுத்து வச்சுக்கும். அப்புறம் உன் புரோகிராம் போய்க் கேட்டா, மைனஸ் 6னு ஒரு வரி. மொத வாரம் முழுக்க நீ தலையிலடிச்சுக்கிட்டது அதுக்குத்தான். டிவி டிரைவர் பேரைத் தடைப்பட்டியல்ல எழுதினதும் அது தீர்ந்துச்சு. தினமும் தப்புற கோளாறு நல்ல கோளாறுடா தம்பி. முகத்துக்கு நேரா திட்டுறவன் மாதிரி. தீர்க்கிறது சுலபம்.

அந்த எண்ணுங்களைத்தான் நீ மதிக்கவே இல்ல. பெட்டி உன்கிட்ட வாயைத் திறந்து சொல்லுது. மைனஸ் 3ன்னா வாசல்ல காவக்காரன் விடல, அனுமதி இல்ல. மைனஸ் 6ன்னா உள்ள வேற ஆள் உக்காந்திருக்கான். மைனஸ் 4ன்னா, அங்க ஆளே இல்ல, எழுந்து போயிட்டான். மூணும் மூணு வியாதி. மூணுக்கும் நீ கொடுத்த மருந்து ஒண்ணே ஒண்ணு: அணைச்சுப் போடு. கல்யாணப் பத்திரிகையில தேதியைப் பாக்காம பேரை மட்டும் பாத்துட்டு, மண்டபத்துக்கு ஒரு நாள் முன்னாடி போய் நின்ன பரம்பரையாச்சே நாம! உங்க அப்பனைச் சொல்றேன்.

இப்படித் தொட்டால் சிணுங்குறது இந்தக் காலத்துச் சாமானுக்கு மட்டும் வர்ற வியாதின்னு நெனைக்காதே. இந்தப் பட்டணத்துல மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்னு ஒண்ணு 1924 மே 16-ல ஆரம்பிச்சாங்க. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னாடி நின்னு நடத்தினாரு. ஜூலை 31-ல ஒலிபரப்பு. டிரான்ஸ்மிட்டர் எத்தனை வாட்ங்கிறே? 40 வாட். உங்க பாட்டி சாமி ரூம்ல பழைய குண்டு பல்பு எரியுமே, அவ்வளவுதான் பலம். கேக்கிறவங்க கையில இருந்தது கிரிஸ்டல் செட்டு. ஒரு கல்லு, அது மேல ஒரு மெல்லிசுக் கம்பி. கல்லுல எந்த இடத்துல கம்பி பட்டா பேசும்னு யாருக்கும் தெரியாது. குத்திக் குத்திப் பாக்கணும். பேச ஆரம்பிச்சதும் பக்கத்துல யாராவது தும்மினா போச்சு, மறுபடி குத்தணும். கிளப்பே 1927-ல காசில்லாம நின்னுச்சு. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1-ல எடுத்து நடத்துச்சு. அப்புறம் 1938 ஜூன் 16-ல ஆல் இந்தியா ரேடியோ. ஒரு ஸ்டேஷன் கிளம்பி, நின்னு, கிளம்பி, காலூன்றதுக்கே 14 வருஷம். நீ ஆறு மாசத்துக்கு அழறே.

அந்த ரேடியோ எங்க ஊருக்கு என்ன பண்ணுச்சுன்னு தெரியுமா? 1960-கள்ல ஏடிடி-27னு புது நெல் ரகம் வந்தப்ப, வானொலி சொல்லிச் சொல்லித்தான் தஞ்சாவூர்ச் சீமையில பரவுச்சு. அதோட நம்பர் எவன் வாயிலயும் நுழையல, 'ரேடியோ நெல்லு'ன்னே பேரு வச்சுட்டோம். சரி, விஷயத்துக்கு வர்றேன். நெல்லுன்னாலே நான் வழி மாறிடுவேன்.

நீ வேலைக்குப் போனப்புறம் எனக்கு வேலை என்ன? கிழிச்ச தினசரி காலண்டர் தாளோட பின்பக்கம் எழுதினேன். எத்தனை மணிக்குக் கரண்ட் போச்சு, வந்ததும் பெட்டி தானா முழிச்சுதா, பிளேன் வருதா இல்லையா, கடைசி வரியில என்ன எண்ணு. ஒரு நாளுக்கு ஒரு தாள். கிளிப்பு போட்டு என் தலைமாட்டுல இருக்கு, பாரு.

மொத கட்டுத் தாளெல்லாம் மைனஸ் 4, இல்லன்னா 'டாங்கிள் எதுவும் காணோம்'. அப்ப நான் அடிச்சுச் சொன்னேன், இது லோ வோல்டேஜுன்னு. எங்க பம்புசெட்டு மோட்டார் 5 எச்பி. ராத்திரி முறையில மும்முனை கரண்ட் வரும். வோல்டேஜ் இல்லன்னா மோட்டார் 'ம்ம்ம்'னு முனகும், சுத்தாது. நீ என்ன பண்ணினே? அடாப்டரைப் பூதக்கண்ணாடி வச்சு என் மூக்குக்கு நேரா நீட்டி, '100-லேர்ந்து 240 வோல்ட் வரைக்கும் எது வந்தாலும் இது 5 வோல்ட்தான் கொடுக்கும் தாத்தா'ன்னே. அந்தப் பொடி எழுத்தைப் பாத்ததும் என் வாய் அடைஞ்சுபோச்சு. பாட்டி சமையக்கட்டுல சிரிச்சது கேட்டுச்சு.

ஆனா கிழவன் பாதிதான் தப்பு. மதகுல தண்ணி நிறைய நிக்கும், கடைமடையில கால் நனையாது. டாங்கிளை ஜன்னல் வழியா மாடிக்குக் கொண்டு போக 5 மீட்டர் மெல்லிசு யூஎஸ்பி ஒயர் இழுத்தியே. போக 5, திரும்பி வர 5, மொத்தம் 10 மீட்டர் செம்பு. தலைமுடி மாதிரி இருக்கிற அந்தச் செம்புக்கு 2 ஓம் கிட்டத் தடை. டாங்கிள் இழுக்கிறது 0.3 ஆம்பியர். பெருக்கிப் பாரு, வழியிலேயே 0.6 வோல்ட் மாயம். 5 வோல்ட் கிளம்பி 4.4-ஆப் போய்ச் சேருது. பெட்டி தன் வாசல்ல 4.63-க்குக் கீழ இறங்கினா மின்னல் படம் காட்டி எச்சரிக்கும்னே. காட்டும்டா, உன் பெட்டிக்கு மானிட்டரே கிடையாது, யாருக்குக் காட்டும்? அதோட, ஒயரோட அந்தக் கோடியில என்ன நடக்குதுன்னு அதுக்கும் தெரியாது.

அப்ப தினமும் தப்பணுமே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏன்னு கேட்டே. நல்ல கேள்வி. மோட்டார் ஓடுறப்ப இழுக்கிற கரண்ட் வேற, கிளம்புறப்ப இழுக்கிறது வேற. நேரா ஸ்டார்ட் பண்ணினா ஆறு மடங்கு இழுக்கும். உன் பெட்டியில டாங்கிள் ரெண்டு, பிளேனுக்கு ஒண்ணு, மழை மேகத்துக்கு ஒண்ணு, கூடவே ஒரு சுத்துற ஹார்டு டிஸ்க். உன் பெட்டி நாலு யூஎஸ்பி வாசலுக்கும் சேத்துக் கொடுக்கிறது 1.2 ஆம்பியர்தான். நீ கையால கிளப்புறப்ப டிஸ்க் ஏற்கெனவே சுத்திக்கிட்டிருக்கும். கரண்ட் போய் வர்றப்பதான் மூணு பேரும் ஒரே நேரத்துல எழுந்து இலைக்கு உக்கார்றாங்க. அன்னிக்கு டிஸ்க் முந்திக்கிச்சுன்னா கடைமடைக்காரனுக்குப் பாயசம் கிடையாது.

அதுக்குத்தான் யூஎஸ்பி ஒயரை அரை மீட்டரா வெட்டச் சொல்லி, மாடிக்கு டிவி கேபிளை நீட்டச் சொன்னேன். டிஸ்க்கையும் பிளேன் டாங்கிளையும் தனி அடாப்டர் போட்ட ஹப்புல மாட்டினே. மைனஸ் 4 ஒழிஞ்சுது. நானும் மீசையை முறுக்கினேன். பத்து நாள்கூட நிலைக்கல.

இப்ப வந்திருக்கே பாரு, இதுதான் நிஜமான கள்ளன். பெட்டி முழிக்குது. புரோகிராம் ஓடுது. மைனஸ் கிடையாது, பிளஸ் கிடையாது. ஆனா மீனம்பாக்கத்துல இறங்குற பிளேன் நம்ம தலைக்கு மேல இரைச்சலோட போறப்ப, உன் திரையில ஆகாசம் காலி. உடனே ஒரு யோசனை சொன்னியே, தப்பினா தானா மறுபடி கிளம்பச் சொல்லி எழுதிடலாம்னு. எனக்கு அது பிடிக்கல. தூங்குறவனைத் தட்டித் தட்டி எழுப்பினா எழுந்திருப்பான், ஏன் தூங்குறான்னு தெரியாது. அதுவும் இங்க ஒருத்தனும் தூங்கவே இல்லையே!

ரெண்டாம் கட்டுத் தாளை எண்ணு. நீயே கையால கிளப்பினது 17, பதினேழும் சரி. கரண்ட் போய்த் தானா எழுந்தது 14. அதுல சரி 8, தப்பு 6. இந்த எண்ணைப் பாத்து உனக்கு ஒண்ணும் தோணலையா? பூவா தலையா சுண்டின மாதிரி இல்ல? பாதிக்குப் பாதி தப்புதுன்னா யாரோ ரெண்டு பேர் இடம் மாறி உக்கார்றாங்கன்னு அர்த்தம். ஒயர் லூசா இருந்தா இப்படிப் பங்கு பிரிச்ச மாதிரி தப்பாது.

அப்புறம் நீ கையால கிளப்புறதை நாலு நாள் கண் கொட்டாமப் பாத்தேன். ரெண்டு டாங்கிளையும் பிடுங்கிடுவே. மறுபடி மாட்டுறப்ப எது மொதல்ல? பிளேன்காரன்தான். உன் செல்லப்பிள்ளை. அப்புறம்தான் மழை மேகம் பாக்கிற டாங்கிள். அமெரிக்காக்காரனோட நோவா செயற்கைக்கோள் மூணும் 2025-ல ஓய்வு வாங்கினப்புறம், ரஷ்யாக்காரன் மீட்டியோரை நம்பி 137 மெகாஹெர்ட்ஸுல வச்சிருக்கியே, அது.

மொதல்ல மாட்டினவன் 0, அடுத்தவன் 1. உன் பிளேன் புரோகிராமுக்கு நீ கொடுத்திருக்கிற உத்தரவு, 'சுழியத்தைத் திற'. கரண்ட் வந்து தானா எழுந்திருக்கிறப்ப, ஒருத்தன் நேரா பெட்டியில இருக்கான், இன்னொருத்தன் ஹப்பு வழியா வரணும். ஹப்பு என்னிக்கு எப்ப முழிக்குமோ. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரங்கநாதன் தெருவுல கடைக் கதவைத் திறந்தா யார் மொதல்ல நுழைவான்னு சொல்ல முடியுமா? மேகக்காரன் முந்தினா அவன் 0. பிளேன் புரோகிராம் அவனைத் திறந்து, அரை மீட்டர் அரை மீட்டரா நீட்டி வச்ச ஆன்டனாவுல 1090 மெகாஹெர்ட்ஸைத் தேடுது. ஏழு சென்டிமீட்டர் குச்சி இருக்க வேண்டிய இடம். எங்கேர்ந்து பிளேன் வரும்? எல்லாரும் வேலை செய்யிறான், எல்லாரும் அடுத்தவன் வேலையைச் செய்யிறான்.

ஹப்பு வாங்கச் சொன்னது நான்தாங்கிறதை இப்ப நீ ஞாபகப்படுத்த வேண்டாம்.

மருந்து ரொம்பச் சுலபம். புரோகிராம் கிளம்புறப்ப மொத வரியில 'ரெண்டு டாங்கிள் இருக்கு'ன்னு சொல்லி, பேரும் சொல்லுது. என்ன பேரு? ஒருத்தன் 00000001. இன்னொருத்தன்? அவனும் 00000001! கம்பெனியில இருந்து வர்றப்பவே பெரும்பாலும் அப்படித்தான் வரும்னே நீயே. ரெட்டைக் கன்னுக்கு ஒரே பேரு வச்சுட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டும்தான் திரும்பும். இப்ப நம்ம ஊர்ல மாட்டுக்குக்கூடக் காதுல மஞ்சப் பட்டை, 12 இலக்க நம்பர். இன்ஷூரன்ஸ்காரன் வந்தா காதைத்தான் பிடிச்சுப் பாக்கிறான், முகத்தைப் பாக்கிறதில்ல.

டாங்கிளுக்குள்ளயே பேரை எழுதுற அந்த ஈப்ராம் கட்டளையைப் போட்டுப் பேரை மாத்து. ஒரு நேரத்துல ஒரு டாங்கிளை மட்டும் மாட்டி வச்சு எழுது, ரெண்டையும் வச்சுக்கிட்டு எழுதினா யார் காதைக் குத்தினேன்னு உனக்கே தெரியாது. பிளேன்காரனுக்கு 00001090. மேகக்காரனுக்கு 00000137. வெறும் 0, 1னு மட்டும் பேரு வைக்காதே, அதை வரிசை எண்ணுன்னு நெனச்சுக்கிட்டு மறுபடி கோளாறு பண்ணும். எழுதினதும் பிடுங்கி மாட்டு, அப்பதான் புதுப் பேரு ஏறும். அப்புறம் ரெண்டு புரோகிராம்லயும் 'சுழியத்தைத் திற'ங்கிறதை எடுத்துட்டு, பேரைச் சொல்லி அழைக்கச் சொல்லு.

பண்ணிட்டியா? சரி, இப்ப எப்படிச் சோதிப்பே? நீ கையால கிளப்பினா எப்பவும் சரியாத்தான் வரும், அதுல என்ன தெரியும்? கரண்ட் போகணும். வேணும்னு நெனைக்கிறப்பதான் இந்த மயிலாப்பூர் வட்டாரத்துல கரண்ட் போகாதே!

சிரிக்காதே. அந்தத் தாள்ல இன்னொரு சங்கதி இருக்கு, நீ இன்னும் கவனிக்கல. அந்தப் பதினாலுல ஒன்பது, சாயங்காலம். நீ ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அன்னிக்கெல்லாம் ஃபிரிட்ஜ் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு, பாட்டி சீரியலும் நிக்கல. இந்த வீட்டுல கரண்ட் இந்த மூலை பிளக்குக்கு மட்டும் எப்படிடா போகும்னு உனக்கு ஒரு நாள்கூடத் தோணல பாரு.

முறைக்காதே. என் கட்டில் ஓரமா இருக்கு சுவிட்சு. உன் அடாப்டர் போடுற சத்தத்துல என் டிரான்சிஸ்டர்ல 720 கிலோஹெர்ட்ஸ் சென்னை ஸ்டேஷன் 'கொர்ர்ர்'னு குமுறுது, கச்சேரி கேக்க முடியல. ஐநூறு மைல் உயரத்துல போற செயற்கைக்கோளைப் பிடிக்கிற உன் குச்சி, சும்மா மாட்டினா 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ இறங்காது, அதுல என் ஸ்டேஷனும் வராது. அரை மணி நேரம் அணைச்சு வச்சேன். வேற என்ன பண்றது? ஆனா நாணயமா எழுதியும் வச்சேன்ல? 'கரண்ட் போச்சு'ன்னுதானே எழுதினேன், யார் எடுத்தான்னு எழுதலியே.

இப்படி வெடுக்குன்னு அணைச்சா மெமரி கார்டு கெட்டுப்போகும்னு நீ பாட்டிகிட்ட சொன்னதும் காதுல விழுந்துச்சு. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போ, ஞாயித்துக்கிழமை கடை இருக்காது. கையகல ஃபெரைட் வளையம் ஒண்ணு வாங்கிட்டு வா. அடாப்டர் ஒயரை அதுல ஏழெட்டுச் சுத்து சுத்து. என் டிரான்சிஸ்டர்ல கொர்ரு அடங்குச்சுன்னா நான் சுவிட்சைத் தொட மாட்டேன்.

அதுக்கு முன்னாடி இன்னிக்கு ஒரு தடவை தொட்டுக்கிறேன். உன் சோதனைக்குத்தான்டா. தாளை எடு, மணி எத்தனை?